தெரியலை, போய்ப் பாப்போம்

எங்கள் தெருவில் "தெரியலை" என்று வெட்கப்படாமல் சொன்ன ஒரே ஆள் எஸ்தரின் அம்மாதான். மற்ற எல்லோருக்கும் எல்லாம் தெரியும். எனக்கு அவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும், ஏனென்றால் நான் டீச்சர். பெரம்பலூரில் ஒரு நடுநிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருட சர்வீஸ், தமிழும் சமூக அறிவியலும். வகுப்பில் ஒரு பிள்ளை கேள்வி கேட்டு நான் பதில் இல்லாமல் நின்றதாகச் சரித்திரம் கிடையாது. பதில் தெரியாதபோதுகூட நின்றதில்லை.

அவர்கள் எதிர்வீட்டுக்குக் குடிவந்த அன்று, வண்டியிலிருந்து கட்டில் இறங்குவதற்கு முன்னால் ஆறு அட்டைப்பெட்டிகள் இறங்கின. ஒவ்வொன்றையும் இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு ஒல்லியான உடம்பு, இறுக்கிப் போட்ட கொண்டை, காதிலும் கழுத்திலும் ஒரு பொட்டு நகை இல்லை. அவர்கள் போகிற கிறிஸ்தவ சபையில் நகை போட மாட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

"பாத்திரமாம்மா?" என்று கேட்டேன்.

"புத்தகங்கக்கா. புள்ளைங்க படிக்கிற கதை புத்தகம். பாத்திரம் கொஞ்சந்தான்" என்று சிரித்தார்.

ஜூன் பிறந்து பள்ளி திறந்தது. நான் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் வாசற்படியில் உட்கார்ந்து அவரவர் புத்தகத்தில் தலையைக் கவிழ்த்திருக்கும். எஸ்தருக்குப் பன்னிரண்டு வயது, தம்பி யோவானுக்கு எட்டு. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். அதற்கு மேல் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"எந்த ஸ்கூல்ல சேத்திருக்கீங்க?"

"வூட்டுலயேதான் படிக்கிறாங்க டீச்சர். நான் சொல்லிக்குடுக்கிறேன்."

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"ப்ளஸ் டூ. அதுலயும் பாதி மனப்பாடம்."

"அப்பறம் எப்படிச் சொல்லித் தருவீங்க?"

"தெரியலை டீச்சர். மூணு பேரும் சேந்து படிச்சுக்கிட்டு இருக்கோம்."

எனக்கு எரிச்சலாக வந்தது. பி.எட். முடித்து, பயிற்சி வகுப்புகளில் தூங்கி வழிந்து, பாடக்குறிப்பு எழுதியே விரல் தேய்ந்த எங்களுக்கெல்லாம் என்ன மரியாதை? டீச்சர் என்றால் யார் என்று அந்தப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று, யோவானின் இரட்டை வரி நோட்டில் பார்த்து எழுத வேண்டிய மேல்வரியை நானே எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. அவன் அம்மா அந்த நோட்டைத் தெருவெல்லாம் காட்டி, "டீச்சர் எழுத்தப் பாருங்க, அச்சடிச்ச மாதிரி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் உள்நோக்கம் அவருக்குப் புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். புரிந்தும் சந்தோஷப்பட்டாரோ என்னவோ.

காலையில் நான் குளிக்கும் நேரத்தில் அந்த வீட்டில் ஜெபமும் பாட்டும் கேட்கும். பிறகு கணக்கு. மதியம் பிள்ளைகள் துணி மடிப்பது, வெங்காயம் உரிப்பது என்று ஏதாவது வேலை செய்ய, அவர் வாய்விட்டுக் கதை வாசிப்பார். சனிக்கிழமைகளில் என் வீட்டு ஜன்னலுக்கே கேட்கும். ஏற்ற இறக்கம் காட்டி நடிக்கிற வாசிப்பு அல்ல, பக்கத்து வீட்டுச் சேதியைச் சொல்வது போல இருக்கும். சோகமான இடம் வந்தால் நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்துவார். "அம்மா அழுவுது" என்று யோவான் அறிவிப்பான். "ஆமாடா, அழுவுறேன். இரு, அடுத்த பக்கம்" என்பார். நான் பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னலோரம் நின்று அடிப்பிடிக்க விட்ட நாட்கள் உண்டு.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் கதைப் புத்தகமானாலும் கடைசி அத்தியாயத்தை மட்டும் வீட்டில் படிக்க மாட்டார்கள். அதற்கு எங்காவது வெளியே போயாக வேண்டும். பறவைக் கதை என்றால் கரைவெட்டி ஏரி, ராஜா கதை என்றால் ரஞ்சன்குடிக் கோட்டை, ஒன்றுக்கும் பொருந்தாத கதை என்றால் கிடைத்த பஸ்ஸில் ஏறி அது போகிற ஊர். அங்கே உட்கார்ந்து கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் கடைசி அத்தியாயத்தைப் படிப்பார்கள். படித்த இடத்தைப் பின்னட்டையின் உள்பக்கத்தில் எழுதி வைப்பார்கள். "கரைவெட்டி. நாரை நிறைய. மழை வந்து கடைசி பக்கம் நனஞ்சிருச்சு." "வேப்பந்தட்டை பஸ் ஸ்டாப். பஸ் வரலை. அப்பா தேடி வந்தாங்க." முடிவு தெரிய வேண்டுமே என்று அந்தப் பிள்ளைகள் சனிக்கிழமைக்காகத் தவம் கிடக்கும். சொட்டுநீர்க் குழாய் போடும் வேலை பார்த்த அப்பாவும், ஓய்வு கிடைத்தால் தன் பைக்கில் ஒரு பிள்ளையை ஏற்றிக்கொண்டு பின்னாலேயே போவார்.

இனி உப்பு விவகாரம். நம் பக்கம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்பது எங்கள் பாடத்தில் வரும். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லும், காரை கிராமத்துப் பக்கம் கல்லாகிக் கிடக்கும் கல்நத்தைகளும் அந்தக் கடல் போட்டுவிட்டுப் போன சொத்து. ஒரு நாள் யோவான் என் வீட்டு கேட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே கேட்டான்.

"டீச்சர், இங்க கடல் இருந்துச்சுல்ல. அப்ப உப்பெல்லாம் எங்க போச்சு?"

இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. ஆனாலும் நான் அசரவில்லை. "மழையில கரைஞ்சு போயிருச்சு" என்றேன். வாய்க்கு வந்தது அதுதான்.

அவன் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னான். "அப்படியா? எனக்குத் தெரியலையே. போய்ப் பாப்போம்" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. அந்தச் சனிக்கிழமையே நால்வரும் காரைக்குப் போனார்கள். போய் என்ன செய்தார்கள் தெரியுமா? செம்மண் மேடு, வெள்ளை மேடு, ஓடைக்கரை என்று இடம் இடமாக உட்கார்ந்து மண்ணை நக்கிப் பார்த்திருக்கிறார்கள். படித்த மனுஷி பெற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து மண்ணை நக்குவதை எங்காவது கேள்விப்பட்டிருக்கிறோமா? ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் பயந்துபோய், பசியா என்று கேட்டுத் தன் தூக்குவாளியை நீட்டினாராம்.

சாயங்காலம் நாக்கெல்லாம் மண்ணோடு வந்து யோவான் கேட்டில் தொங்கினான். தெருவில் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

"டீச்சர், பதினோரு எடத்துல நக்கிப் பாத்தோம். உப்பு எங்கயும் கரிக்கலை. கண்ணாடித் தகடு மாதிரி ஒண்ணு கெடந்துச்சு, அது உப்பு இல்லியாம், ஜிப்சமாம். ஆட்டுக்கார தாத்தா சொன்னாரு. நீங்க சொன்னது சரியான்னு இன்னும் தெரியலை. ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

நாலு பேர் முன்னால் என் மூக்கு உடைந்தது. அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டனுப்பினார் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அடுப்புல வேலை இருக்கு, போ" என்று அவனை விரட்டிவிட்டேன்.

காரையில் கண்டெடுத்த கல்நத்தை ஒன்றைக்கூட அவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. நோட்டில் வரைந்துகொண்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். "நாம தூக்கிட்டு வந்துட்டா அடுத்து வர்ற புள்ளைங்க எதப் பாக்கும்?" என்பார். நான் ஒரு முறை அவரை மடக்கப் பார்த்தேன். "உங்க வேதத்துல ஆறு நாள்ல எல்லாம் படைச்சாச்சுங்கறாங்க. இந்த நத்தைக்குக் கோடிக்கணக்குல வயசுங்கறாங்க. புள்ளைங்களுக்கு எதச் சொல்லித் தர்றீங்க?"

"தெரியலை டீச்சர். ரெண்டையும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். அவருகிட்டயும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்று மேலே கையைக் காட்டினார்.

அவர்கள் சபையிலும் அவருக்குப் பேச்சு விழுந்தது. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போய்விட்டு வந்த மறுநாள், சபைக்காரப் பெண் ஒருவர் வந்து வாசலில் நின்றபடியே கேட்டார். "என்ன சிஸ்டர், புள்ளைங்கள கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனீங்களாமே?" இவர் அவரை உள்ளே அழைத்து மோர் கொடுத்துவிட்டு, "சிங்கத்து வயித்துக்குள்ள எறங்கி கெணத்துக்குப் போற படி ஒண்ணு இருக்கு சிஸ்டர், யோவான் அதப் பாக்கணும்னான். நீங்க பாத்திருக்கீங்களா? அடுத்த தடவ வாங்களேன், சேந்து போவோம்" என்றார். அந்தப் பெண் மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த தடவை போனாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே போவதற்குக் காரணம், சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடுவதுதான். சொல்லிவிடுகிறேன். உப்பு விவகாரம் முடிந்து இரண்டு மாதத்தில் கோடை விடுமுறைக் கணக்கெடுப்பு வந்தது. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளை வீடு வீடாகப் போய்க் கண்டுபிடித்து எழுதித் தர வேண்டும். எங்கள் வார்டு எனக்கு. எங்கள் தெருவுக்கு வந்தபோது எதிர்வீட்டில் நான் கதவைக்கூடத் தட்டவில்லை. என் வீட்டு மேசையில் உட்கார்ந்து எஸ்தர், யோவான் என்று இரண்டு பெயரையும் முத்து முத்தாக எழுதி, எதிரே "இடைநின்றவர்" என்று போட்டேன். அது கடமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடமையென்றால் கதவைத் தட்டியிருப்பேன். அது வயிற்றெரிச்சல்.

அந்தப் பட்டியலைப் பார்த்து வட்டார அலுவலகத்திலிருந்து ஒரு சார் நேரில் விசாரிக்க வருவதாகத் தகவல் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் எஸ்தரின் அம்மா என் வீட்டுக்கு வந்தார். அதுவரை அந்த முகத்தில் பயத்தை நான் பார்த்ததில்லை.

"டீச்சர், நாளைக்கு ஆபீசர் வராராம். சேத்தே ஆகணும்னு எழுதிட்டாருன்னா ஜூன்ல ரெண்டு பேரையும் ஸ்கூல்ல விட்டுத்தான் ஆகணுமாம். யோவான் கேள்வி கேட்டா அடிப்பாங்களா டீச்சர்? நான் படிச்சப்ப அடிச்சாங்க." முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார். "நீங்க கொஞ்சம் கூட இருங்களேன். நீங்க இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்."

"வரேம்மா" என்று மட்டும் சொன்னேன்.

வந்த சார் நல்ல மனிதர். வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எஸ்தரைப் படிக்கச் சொன்னார். தடங்கல் இல்லாமல் படித்தாள். கணக்குக் கொடுத்தார், போட்டாள். பிறகு பொது அறிவு. மாவட்டம் எப்போது பிரிந்தது, கலெக்டர் பெயர் என்ன, சட்டமன்றத் தொகுதி எத்தனை?

"தெரியலை சார்" என்றாள் எஸ்தர். அடுத்ததற்கும் "தெரியலை சார்." மூன்றாவதற்கும் அதேதான். ஒரு ஊகம்கூடச் சொல்லவில்லை, தலையைக் குனியவும் இல்லை. சார் குறித்துக்கொண்டார். அவள் அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெரியாததைத் தெரியலை என்று சொல்லப் பழக்கியதே இப்போது பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்க்கிறது என்பது அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். இருந்தும் மகளுக்கு ஒரு ஜாடை காட்டவில்லை.

சார் யோவான் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. அரியலூர்ல ஏன் இவ்வளவு சுண்ணாம்புக்கல்?"

"முன்ன கடல் இருந்துச்சு சார்."

"பரவால்லையே. கடல்னா உப்பு இருக்கணுமே, அது எங்க போச்சு?" என்று சிரித்தார் சார். விளையாட்டுக்குத்தான் கேட்டார்.

"தெரியலை சார். நாங்க நக்கிப் பாத்தோம், இல்லை. ஆனா டீச்சருக்குத் தெரியும்."

சார் என்னைப் பார்த்தார். எஸ்தர் பார்த்தாள். அவள் அம்மாவும் பார்த்தார். மழையில் கரைந்து போய்விட்டது என்று சொன்னால் போதும், மூன்று வார்த்தை. யோவான் பொய்யன் ஆகமாட்டான், என் மரியாதையும் நிற்கும். ஆனால் அந்த மூன்று பேருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

"எனக்கும் தெரியலை சார்" என்றேன். "அன்னைக்கு இவன்கிட்ட வாய்க்கு வந்ததச் சொன்னேன். இவங்கதான் போய்ப் பாத்துட்டு வந்தாங்க."

யோவான் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "பரவால்ல டீச்சர்" என்றான். இருபத்திரண்டு வருட சர்வீஸில் எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ் அதுதான்.

சார் நோட்டுகளை வாங்கிப் புரட்டினார். கல்நத்தைப் படங்கள், நாரைக் கணக்கு, சிங்கக் கிணற்றின் படிகள். ரொம்ப நேரம் புரட்டினார். பிறகு பட்டியலை எடுத்தார். "இடைநின்றவர்னா எந்த ஸ்கூல்ல படிச்சு நின்னாங்கன்னு எழுதணும். அந்தக் கட்டம் காலியா இருக்கே? இது தப்பு. நீங்க வார்டு டீச்சர், உங்களுக்குத் தெரிஞ்சத சரியா எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்" என்று பேனாவோடு என்னிடம் நீட்டினார். நான் "இடைநின்றவர்" என்பதை அடித்துவிட்டுக் குறிப்புப் பத்தியில் எழுதினேன்: வீட்டில் தாயிடம் படிக்கின்றனர். வாசிப்பும் கணக்கும் வயதுக்கு மேல். பள்ளியில் சேர்க்கத் தேவை இல்லை.

அவர் கையெழுத்துப் போட்டார். பெற்றோர் கையெழுத்துக்காகத் தாள் எஸ்தர் அம்மாவிடம் போனது. படிப்பதற்குத் தேவையான நேரத்தைவிட அதிக நேரம் அவர் அதைக் கையில் வைத்திருந்தார். அடித்த வரியும் எழுதிய வரியும் ஒரே கை. தினமும் மகனின் நோட்டில் மேல்வரியில் பார்க்கிற அதே எழுத்து. அவர் கண்கள் மேல் வரிக்குப் போய், கீழ் வரிக்கு வந்து, மறுபடி மேலே போனதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சார் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனதும் எஸ்தர் கேட்டாள். "யாரும்மா நம்ம பேர எழுதிக் குடுத்தது?"

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"தெரியலை" என்றார்.

அவ்வளவுதான். "போய்ப் பாப்போம்" என்று சொல்லவில்லை. தேடிப் பார்க்கிற பேச்சு ஒன்றும் பின்னால் இல்லாமல் அவர் "தெரியலை" சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அது பொய் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். "டீச்சர், காப்பி சாப்பிட்டுட்டுப் போங்க" என்று உள்ளே போய்விட்டார். நான் அந்தக் காப்பியைக் குடித்தேன். என்ன ருசி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அதற்குப் பிறகு ஒரு வருடம் எதிரெதிரே இருந்தோம். எத்தனையோ பேசினோம், அதை மட்டும் பேசவில்லை. அவர் வீட்டுக்காரருக்கு மீன்சுருட்டிப் பக்கம் வேலை அமைந்து கிளம்பினார்கள். மறுபடி அந்த ஆறு பெட்டிகள், இந்த முறை ஏழாகியிருந்தன. வண்டி ஏறுவதற்கு முன் என் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். காணாமல்போன ஆமையைத் தேடிப் போகும் இரண்டு பிள்ளைகளின் கதை.

"இதுல கடைசி அத்தியாயம் இன்னும் நாங்க படிக்கலை டீச்சர். நீங்க முன்னாடி படிங்க. வூட்டுல படிச்சிராதீங்க."

ஐந்து மாதம் அது என் அலமாரியில் இருந்தது. முந்தாநாள் என் ஏழாம் வகுப்பைக் காரைக்குக் கூட்டிப் போனேன். அனுமதி வாங்கி, வேன் பிடித்து, புளிச்சோறு கட்டி, என் சர்வீஸில் முதல் முறையாக. இத்தனை வருடம் இந்தப் பாடத்தை நடத்திய நான் அந்த இடத்தைப் பார்த்ததும் அன்றைக்குத்தான். முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, ஒரு மேட்டில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தை வாய்விட்டுப் படித்தேன். ஆமை கிடைத்துவிட்டது. "டீச்சர் அழுவுறாங்க" என்று ஒரு பெண் சொன்னாள். "ஆமா, அழுவுறேன்" என்றேன். பிறகு யாரும் பார்க்காதபோது கொஞ்சம் மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரிக்கவில்லை.

பின்னட்டையைத் திருப்பினேன். உள்பக்கம் வெறுமையாக இருந்தது. முதல் வரியை எனக்காக விட்டிருக்கிறார்கள். என் முத்து முத்தான எழுத்தில் எழுதினேன்: "காரை. நாற்பது பிள்ளைகள். வெயில். எஸ்தர், அன்றைக்கு உங்கள் இரண்டு பேர் பெயரையும் எழுதிக் கொடுத்தது நான்தான்."

புத்தகத்தைத் தபாலில் அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது. பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவர்கள் என்ன சொல்வார்கள், எஸ்தர் எப்படி எடுத்துக்கொள்வாள், கதவைத் திறந்ததும் நான் என்ன பேசுவேன், ஒன்றும் தெரியவில்லை. சனிக்கிழமை மீன்சுருட்டிக்கு பஸ் ஏறுகிறேன். போய்த்தான் பார்க்க வேண்டும்.